நன்கொடையும் தூதரகக் கோபமும்: ஆஸ்திரேலியா–சீனா நெருக்கடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020-இல் ஆஸ்திரேலியாவின் பார்லி, மாட்டிறைச்சி, ஒயின், நிலக்கரி, சிங்கி இறால் என்று ஒவ்வொன்றாகச் சீனா வழிமறித்தது. கொரோனா எங்கிருந்து வந்தது என்று ஆஸ்திரேலியா கேட்டதால் மூண்ட சண்டை இது என்றே பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதற்கு ஐந்தாண்டு முன்பிருந்தே அரசியல் நன்கொடைகளை வைத்து இரு நாடுகளுக்கும் இடையே கசப்பு வளர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பகுதியைப் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எல்லாரும் சொல்லும் அந்த ஹுவாங் சியாங்மோ யார்?

சீனாவிலிருந்து வந்து சிட்னியில் குடியேறிய கட்டுமானத் தொழிலதிபர். யூஹு குழுமத்தின் உரிமையாளர். நிரந்தர வசிப்புரிமை பெற்றிருந்தார், குடியுரிமைக்கும் விண்ணப்பித்திருந்தார். நாட்டின் பெரிய கட்சிகளான தொழிற்கட்சி, லிபரல் கட்சி இரண்டுக்குமே தாராளமாக நன்கொடை கொடுத்தார். சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2014-இல் தொடங்கிய ஆஸ்திரேலிய–சீன உறவுகள் ஆய்வு மையத்துக்கு 18 லட்சம் டாலர் தந்தவரும் அவரே. தைவானைச் சீனாவுடன் இணைப்பதை ஆதரிக்கும் ஓர் அமைப்பின் ஆஸ்திரேலியக் கிளைக்குத் தலைவராகவும் இருந்தார். அந்த அமைப்புக்குச் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஐக்கிய முன்னணிப் பணித் துறையோடு தொடர்பு உண்டு என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. வெளிநாட்டுச் சீனர்களையும் கட்சிக்கு வெளியே செல்வாக்கு உள்ளவர்களையும் தன் பக்கம் வைத்துக்கொள்வதே அந்தத் துறையின் வேலை.

ஹுவாங்கும் மற்றொரு தொழிலதிபரான சாவ் சாக் விங்கும் அவர்களோடு தொடர்புள்ள நிறுவனங்களுமாகச் சுமார் பத்தாண்டுகளில் 67 லட்சம் டாலர் அளவுக்கு நன்கொடை கொடுத்ததாக ஆஸ்திரேலிய ஊடகங்கள் 2017 ஜூனில் கணக்கிட்டன. உள்நாட்டு உளவு அமைப்பான ஏசியோ 2015-லேயே பெரிய கட்சிகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தது என்ற செய்தியும் அப்போதுதான் வெளிவந்தது. எச்சரிக்கைக்குப் பிறகும் பணம் வாங்குவது நிற்கவில்லை. எனக்கு இந்த விவகாரம் முழுவதிலும் மிகவும் உறுத்துவது இதுதான்.

செனட்டர் டாஸ்தியாரி ஏன் பதவியை இழந்தார்?

சாம் டாஸ்தியாரி தொழிற்கட்சியின் இளம் செனட்டர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கட்சிக்குப் பணம் திரட்டுவதில் கைதேர்ந்தவர். அவருடைய 1,670 டாலர் பயணச் செலவு பில்லை, சீனத் தொடர்புள்ள ஒரு கல்வி நிறுவனம் கட்டியது என்பது 2016 ஆகஸ்டில் தெரியவந்தது. அவருடைய வழக்கறிஞர் கட்டணம் 5,000 டாலரை ஹுவாங்கின் நிறுவனம் கட்டியிருந்ததும் அதோடு வெளிப்பட்டது. ஒரு செனட்டரின் சம்பளத்துக்கு இவை பெரிய தொகைகளே இல்லை. பில்லை இன்னொருவர் கையில் கொடுக்கும் பழக்கம் அவ்வளவு இயல்பாகிவிட்டிருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அதைவிடக் கனமானது 2016 ஜூன் சம்பவம். ஜூன் 16 அன்று தொழிற்கட்சியின் பாதுகாப்புத் துறைப் பேச்சாளர் ஸ்டீபன் கான்ராய், தென்சீனக் கடலில் சீனாவின் நடவடிக்கைகளைக் கடுமையாக விமர்சித்தார். அதனால் ஹுவாங், தருவதாகச் சொல்லியிருந்த 4 லட்சம் டாலரை நிறுத்தப்போவதாகக் கட்சிக்குத் தெரிவித்தார் என்று பிறகு செய்தி வந்தது. மறுநாளே சீன மொழிப் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் டாஸ்தியாரி பேசினார். பக்கத்தில் ஹுவாங் நின்றிருந்தார். தென்சீனக் கடல் சீனாவின் சொந்த விஷயம், ஆஸ்திரேலியா அதில் தலையிடக் கூடாது என்கிற பொருளில் பேசினார். சொந்தக் கட்சியின் நிலைப்பாட்டுக்கு நேர் எதிரான பேச்சு அது. பிறகு கேட்டபோது, தன்னைத் தவறாக மேற்கோள் காட்டிவிட்டார்கள் என்றார். 2017 நவம்பரில் ஒலிப்பதிவே வெளிவந்துவிட்டது.

அதே வாரத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. ஹுவாங்கின் வீட்டுக்குப் போன டாஸ்தியாரி, உங்கள் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்படலாம், கைப்பேசிகளை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்து பேசுவோம் என்று சொன்னாராம். ரகசியத் தகவல் எதையும் தான் கொடுக்கவில்லை என்று டாஸ்தியாரி மறுத்தார். ஆனாலும் 2017 டிசம்பர் 12 அன்று நாடாளுமன்றத்தை விட்டு விலகுவதாக அறிவித்தார்.

ஆல்டி பை விவகாரம் என்றால் என்ன?

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கட்டுமான நிறுவன முதலாளிகள் அரசியல் நன்கொடை கொடுக்க 2009 முதல் தடை இருக்கிறது. 2015 மார்ச்சில், மாநிலத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, தொழிற்கட்சியின் சீன ஆதரவாளர் குழு சிட்னியில் ஒரு விருந்து நடத்தியது. அதற்குப் பிறகு சசெக்ஸ் தெருவில் உள்ள கட்சி அலுவலகத்துக்கு ஒரு லட்சம் டாலர் ரொக்கம் வந்து சேர்ந்தது. ஆல்டி சூப்பர் மார்க்கெட்டின் பிளாஸ்டிக் பையில் கட்டுக்கட்டாக.

கணக்கில் அந்தப் பணத்தைக் கொடுத்தவர்கள் என்று பன்னிரண்டு பேர் பெயர் இருந்தது. படிவங்களில் கையெழுத்து இருந்தது, ஆளுக்கு 5,000 அல்லது 10,000 டாலர் என்று தொகையும் இருந்தது. அவர்களில் சிலர் ஓர் உணவகத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் பல மாதம் வேலை செய்து சேமிக்க வேண்டிய தொகையை ஒரே நாளில் கட்சிக்குத் தூக்கிக் கொடுத்தார்களாம். மாநில ஊழல் தடுப்பு ஆணையம் 2019 ஆகஸ்டில் பொது விசாரணையைத் தொடங்கியதும் இந்தக் கதை நிற்கவில்லை. உண்மையில் கொடுத்தவர் ஹுவாங் என்று 2016-லேயே தனக்குத் தெரியவந்ததாக, கட்சியின் மாநிலப் பொதுச் செயலாளராக இருந்த கைலா மர்னேன் ஆணையத்தின் முன் சொன்னார். தெரிந்தும் கட்சி வாய் திறக்கவில்லை.

2022 பிப்ரவரியில் வந்த அறிக்கை, அந்த ஒரு லட்சத்தின் உண்மையான ஊற்று ஹுவாங்தான் என்று முடிவு செய்தது. தொழிற்கட்சியின் முன்னாள் மேலவை உறுப்பினர் எர்னஸ்ட் வோங் ஊழல் நடத்தையில் ஈடுபட்டார் என்றும் சொன்னது. ஆணையம் என்பது நீதிமன்றம் இல்லை. அதன் முடிவு குற்றத் தீர்ப்பு ஆகாது. ஹுவாங் தொடக்கத்திலிருந்தே தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

பணம் கொடுத்தது பெய்ஜிங்கா? அதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்குத் துல்லியமாகப் பதில் சொல்ல வேண்டும். சீன அரசின் கருவூலத்திலிருந்து ஹுவாங் வழியாக ஆஸ்திரேலியக் கட்சிகளுக்குப் பணம் போனது என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆல்டி பை விசாரணை கேட்ட கேள்வியும் அது இல்லை. மாநிலத் தேர்தல் நிதிச் சட்டத்தை ஏமாற்றினார்களா என்பதே அங்கே பிரச்சினை.

உளவு அமைப்பின் கவலை வேறு. செல்வாக்கு வலை என்பது சம்பளம் வாங்கும் ஒற்றர்களின் பட்டியலாக இருக்க வேண்டியதில்லை. தொழிலுக்குத் தாய்நாட்டு அதிகாரிகளின் தயவு வேண்டும், புது நாட்டில் அந்தஸ்தும் வேண்டும் என்று நினைக்கும் ஒரு பணக்காரர், யாரும் உத்தரவு போடாமலேயே பெய்ஜிங்குக்குப் பிடித்ததைச் செய்வார். கட்சிக்குத் தேர்தல் செலவுக்குப் பணம் வேண்டும். அந்தக் கொடுக்கல் வாங்கலில் எங்கே தொழில் முடிகிறது, எங்கே அரசியல் தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. தென்சீனக் கடலும் 4 லட்சம் டாலரும் அடுத்தடுத்த நாட்களில் வந்ததுதான் அந்தக் கோடு கொஞ்சமாவது கண்ணுக்குத் தெரிந்த தருணம்.

சாவ் சாக் விங் மேலும் அதே குற்றச்சாட்டுதானே?

அவசரப்பட்டு அப்படி எழுதியவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். சாவ் ஆஸ்திரேலியக் குடிமகன். சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற கட்டடம் ஒன்றுக்கு 2 கோடி டாலர் கொடுத்தவர். தன் மீதான செய்திகளுக்காக அவர் அவதூறு வழக்குத் தொடுத்து 2019-இல் 2,80,000 டாலரும், 2021-இல் 5,90,000 டாலரும் இழப்பீடு பெற்றார். 2018 மே மாதம் ஆண்ட்ரூ ஹேஸ்டி என்ற எம்.பி., அவையில் பேசியதற்கு வழக்குப் போட முடியாது என்ற நாடாளுமன்றச் சிறப்புரிமையைப் பயன்படுத்தி, அமெரிக்காவில் நடந்த ஐ.நா. லஞ்ச வழக்கு ஒன்றின் ஆவணத்தில் குறியீட்டால் குறிப்பிடப்பட்ட நபர் சாவ்தான் என்றார். சாவ் அதை மறுத்தார், அவர் மேல் வழக்கு எதுவும் பதியப்படவில்லை.

ஹுவாங்கையும் சாவையும் ஒரே மூச்சில் சொல்வது இன்றும் பல கட்டுரைகளில் நடக்கிறது. இருவரும் பெரிய நன்கொடையாளர்கள் என்பதைத் தாண்டி, நிரூபிக்கப்பட்டவை இருவருக்கும் ஒன்றல்ல.

இதற்கு ஆஸ்திரேலிய அரசு என்ன செய்தது?

பிரதமர் மால்கம் டர்ன்புல் 2017 டிசம்பரில் புதிய சட்டங்களை முன்வைத்தார். 1949-இல் மாவோ சொன்னதாகக் கருதப்படும் வாசகத்தைச் சீன மொழியிலேயே எடுத்து, ஆஸ்திரேலிய மக்கள் எழுந்து நின்றுவிட்டார்கள் என்று பேசினார். பெய்ஜிங் கொதித்துப்போனது. சட்டத்தைச் சட்டமாக மட்டும் வைத்திருந்தால் போதும், அந்த வசனம் தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

2018 ஜூனில் நாடாளுமன்றம் அந்நியத் தலையீட்டைக் குற்றமாக்கியது. மறைமுகமாக, ஏமாற்றி, மிரட்டி, வெளிநாட்டு அரசுக்காக ஆஸ்திரேலிய அரசியலில் தலையிட்டால் சிறை. வெளிநாட்டு அரசுகளுக்காக வெளிப்படையாக வேலை செய்பவர்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ளும் பதிவேடு ஒன்று அந்த ஆண்டு டிசம்பரில் வந்தது. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவர் 1,000 டாலரோ அதற்கு மேலோ நன்கொடை கொடுக்கத் தடை வந்தது. சீன நிறுவனங்களான ஹுவாவேயும் இசட்டிஇயும் 5ஜி வலையமைப்பில் நுழைய முடியாது என்ற முடிவும் 2018 ஆகஸ்டில்தான் வந்தது. ஹுவாங் வெளிநாட்டில் இருந்தபோதே அவருடைய வசிப்புரிமை ரத்தானது. அது 2019 பிப்ரவரியில் வெளியே தெரிந்தபோது, என் பணம் தவறானது என்று நினைக்கும் கட்சிகள் திருப்பித் தரட்டும், தொண்டுக்குக் கொடுக்கிறேன் என்றார் அவர். அந்த ஆண்டே வரித் துறை அவரிடம் சுமார் 14 கோடி டாலர் கேட்டு நீதிமன்றம் போனது.

வெளிநாட்டு நன்கொடைத் தடை இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காதா?

நடந்திருக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தச் சட்டப்படி குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும் வெளிநாட்டு நன்கொடையாளர்கள் இல்லை. சாவ் குடிமகன். ஹுவாங் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர். 2015-லேயே இந்தத் தடை இருந்திருந்தாலும் இருவருமே சட்டப்படி காசோலை எழுதியிருக்கலாம். ஆல்டி பையைப் பொறுத்தவரை அதைத் தடுக்கும் சட்டம் முன்பே இருந்தது. அதனால்தான் பையும் பொய்யான பெயர்களும் தேவைப்பட்டன.

ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. 2018-19-இல் ஒரு நன்கொடை 13,800 டாலரைத் தாண்டினால்தான் மத்தியத் தேர்தல் ஆணையத்திடம் பெயரை வெளியிட வேண்டும். ஒரு கட்சியின் ஒவ்வொரு மாநிலக் கிளையும் தனிக் கட்சியாகவே எண்ணப்பட்டதால், வரம்புக்குச் சற்றுக் கீழே பல கிளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் யார் பெயரும் வெளியே வராது. வெளிநாட்டுக்காரன் பணம் என்று கோபப்படுவது சுலபம். உள்ளூர்க் கட்சிகளின் இந்த மறைவான கணக்கைத் திருத்துவது அவர்களுக்கே கசந்தது.

சீனாவின் வர்த்தகத் தடைகள் கொரோனா விசாரணைக் கோரிக்கையால் வந்தவையா, இந்தச் சட்டங்களால் வந்தவையா?

இரண்டும் சேர்ந்து. 2020 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் மரீஸ் பெய்ன் கொரோனாவின் தோற்றம் பற்றிச் சுதந்திர விசாரணை வேண்டும் என்றார். அடுத்த சில நாட்களில் சீனத் தூதர் செங் ஜிங்யே, சீன மக்கள் ஆஸ்திரேலிய ஒயினையும் மாட்டிறைச்சியையும் வாங்குவானேன் என்று யோசிக்கலாம் என்றார். மே மாதம் நான்கு இறைச்சிக் கூடங்களுக்குத் தடை, பார்லிக்கு 80.5 சதவீத இறக்குமதித் தீர்வை. நவம்பரில் ஒயினுக்கு, பின்னர் 218 சதவீதம் வரை உயர்ந்த தீர்வை. நிலக்கரிக் கப்பல்கள் சரக்கை இறக்க முடியாமல் சீனக் கரைக்கு வெளியே மாதக்கணக்கில் நங்கூரமிட்டு நின்றன.

ஆனால் பார்லி மீதான சீன விசாரணை தொடங்கியது 2018 நவம்பரில். கொரோனா என்ற சொல்லையே யாரும் கேட்டிராத நேரம். 2020 நவம்பரில் சீனத் தூதரகம் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர்களிடம் நீட்டிய பதினான்கு குறைகளின் பட்டியலில், கொரோனா விசாரணையோடு அந்நியத் தலையீட்டுச் சட்டமும் ஹுவாவே தடையும் இருந்தன. ஆதாரமே இல்லாமல் சீனாவைக் குறிவைத்த சட்டம் என்பது அவர்கள் வாதம். தீர்வைகளுக்குச் சொன்ன அதிகாரபூர்வக் காரணம் என்னவோ, ஆஸ்திரேலியர்கள் விலையைக் குறைத்துச் சீனச் சந்தையில் சரக்கைக் குவிக்கிறார்கள் என்பதுதான்.

யாருக்கு அடி விழுந்தது?

திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு. ஆண்டுக்குச் சுமார் 120 கோடி டாலர் மதிப்பில் சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒயின் ஏற்றுமதி ஏறக்குறைய நின்றே போனது. பார்லி சவூதி அரேபியா போன்ற சந்தைகளைத் தேடிப் போனது, அங்கே விலை குறைவு. இரும்புத் தாதுவை மட்டும் சீனா தொடவில்லை. அதன் உருக்காலைகளுக்கு அது வேண்டும். 2021-இல் தாதுவின் விலை டன்னுக்கு 200 அமெரிக்க டாலரைத் தாண்டியதால் நாட்டின் மொத்தக் கணக்கில் நஷ்டம் பெரிதாகத் தெரியவில்லை. விருந்தில் உட்கார்ந்திருந்த அரசியல்வாதிகளின் வருமானத்தில் ஒரு டாலரும் குறையவில்லை.

புதிய சட்டத்தில் யாராவது தண்டனை பெற்றார்களா?

முதல் தண்டனை மெல்பர்னில். வியட்நாமில் பிறந்த தொழிலதிபர், லிபரல் கட்சி சார்பில் 1996-இல் தேர்தலில் நின்றவர், டி சான் டுவோங். 2020 ஜூனில் ராயல் மெல்பர்ன் மருத்துவமனைக்குக் கொரோனா நிதியாக 37,450 டாலர் திரட்டிக் கொடுத்தார். அட்டையில் பெரிதாக அச்சடித்த காசோலையோடு நடந்த அந்த நிகழ்ச்சியில் மத்திய அமைச்சர் ஆலன் டட்ஜ் கலந்துகொண்டார். டட்ஜ் நாளைக்குப் பிரதமராகக் கூடியவர் என்று கணக்குப் போட்டு, சீனாவுக்காக அவரிடம் நெருங்கப் பார்த்தார் என்பது அரசுத் தரப்பு வாதம். 2023 டிசம்பரில் ஜூரி குற்றவாளி என்றது. 2024 பிப்ரவரியில் 2 ஆண்டு 9 மாதத் தண்டனை, அதில் 12 மாதம் சிறையில். டட்ஜ் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை.

இந்த வழக்கில் பணம் கட்சிக்குப் போகவில்லை, மருத்துவமனைக்குப் போனது. அமைச்சரும் எதையும் செய்துகொடுக்கவில்லை. தலையீட்டுக்கான தயாரிப்பே குற்றம் என்று சட்டம் சொல்வதால் தண்டனை கிடைத்தது. இவ்வளவு அகலமாக வலை வீசும் சட்டத்தைக் கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது. அந்நியத் தலையீட்டு விசாரணை ஒன்றுக்காக 2020 ஜூனில் மாநில மேலவை உறுப்பினர் ஷவுகட் மொசல்மேனின் வீட்டில் கேமராக்கள் சூழப் போலீஸ் சோதனை நடந்தது. அவர் சந்தேக நபரே இல்லை என்று பின்னர் அவரிடம் சொல்லப்பட்டது.

சீன வம்சாவளி ஆஸ்திரேலியர்கள் இதை எப்படி எதிர்கொண்டார்கள்?

இரு பக்கமும் அடி. 2020 அக்டோபரில் செனட் குழு ஒன்று, புலம்பெயர் சமூகங்களின் சிக்கல்கள் பற்றிக் கேட்பதற்காக மூன்று சீன ஆஸ்திரேலியர்களை அழைத்தது. செனட்டர் எரிக் ஏபட்ஸ் அவர்களிடம், சீனக் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரத்தை நிபந்தனையின்றிக் கண்டிக்கத் தயாரா என்று கேட்டார். சாட்சி சொல்ல வந்தவர்களிடம் விசுவாசப் பரீட்சை. வேறு எந்த இனத்தவரிடமும் இந்தக் கேள்வி எழுந்திருக்காது. ஐக்கிய முன்னணியின் அழுத்தத்தை முதலில் அனுபவிப்பவர்களும் இவர்கள்தான். பெய்ஜிங்கை விமர்சித்தால் ஊரில் உள்ள உறவினர்களுக்குத் தொல்லை வருமோ என்ற பயத்தோடு வாழ்பவர்களையே சந்தேக வளையத்துக்குள் தள்ளியது பெரிய அநியாயம்.

வெளிநாட்டு அரசுகளுக்காக வேலை செய்பவர்களின் பதிவேடு பயன்பட்டதா?

சரியாக இல்லை. முன்னாள் பிரதமர் டோனி அபாட், ஒரு மாநாட்டில் பேசியதற்காகப் பதிவு செய்யச் சொன்னபோது மறுத்துவிட்டார். 2024 மார்ச்சில் நாடாளுமன்றக் குழு, இந்தத் திட்டத்தில் கணிசமான குறைகள் இருப்பதாக அறிக்கை தந்தது.

நெருக்கடி முடிந்துவிட்டதா?

வர்த்தகத்தில் பெரும்பாலும் முடிந்தது. 2022 மே மாதம் ஆட்சி மாறியது, நவம்பரில் பாலியில் புதிய பிரதமர் ஆந்தனி ஆல்பனீசியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். பார்லித் தீர்வை 2023 ஆகஸ்டிலும், ஒயின் தீர்வை 2024 மார்ச்சிலும் விலகின. 2020 ஆகஸ்டிலிருந்து சீனாவில் அடைபட்டிருந்த ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் செங் லெய் 2023 அக்டோபரில் வீடு திரும்பினார். ஆஸ்திரேலிய எழுத்தாளர் யாங் ஹெங்ஜுன் 2019 ஜனவரியில் சீனாவில் பிடிபட்டவர். 2024 பிப்ரவரியில் அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட மரண தண்டனை விதித்தார்கள். தலையீட்டுச் சட்டங்களில் ஒரு வரியையும் ஆஸ்திரேலியா திரும்பப் பெறவில்லை.

யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று சாதாரண மனிதர் பார்க்க முடியுமா?

முடியும். ஆஸ்திரேலியத் தேர்தல் ஆணையத்தின் வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டில் நன்கொடையாளர் பெயரைப் போட்டுத் தேடலாம். கட்டணம் இல்லை. ஒரே பெயர் பல நிறுவனங்களின் பின்னால் ஒளிந்திருக்கும் என்பதால் இயக்குநர்கள், முகவரிகள் ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஹுவாங்கின் கணக்கைப் பத்திரிகையாளர்கள் அப்படித்தான் கூட்டிப் பார்த்தார்கள்.

தாமதம்தான் கஷ்டம். ஒரு நிதியாண்டின் விவரம் அடுத்த பிப்ரவரியில்தான் வரும். 2015 ஜூலையில் கொடுத்த பணத்தை மக்கள் 2017 பிப்ரவரியில் பார்த்தார்கள். நடுவில் ஒரு பொதுத் தேர்தலே முடிந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் நிறைவேறிய திருத்தச் சட்டம் வெளியிடும் வரம்பை 5,000 டாலராகக் குறைக்கிறது, கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஒருவர் ஆண்டுக்குக் கொடுக்கும் தொகைக்கு 50,000 டாலர் உச்சவரம்பு வைக்கிறது, தேர்தல் நெருங்க நெருங்க விவரங்களை விரைவாக வெளியிடச் சொல்கிறது. பெரிய கட்சிகளுக்குச் சாதகமான விதிகள் என்று சுயேச்சை உறுப்பினர்கள் எதிர்க்கிறார்கள். அந்த எதிர்ப்பிலும் பொருள் இருக்கிறது, ஏனென்றால் ஒரே கட்சியின் பல கிளைகள் தனித்தனியாக வாங்கும் வழி இதிலும் முழுதாக அடைபடவில்லை.